தடைக்காலத்தில் நிற்கும் படகு: எஞ்சின், வலை, ஜிபிஎஸ் களவு போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி

ஏப்ரல் 15 பிறந்துவிட்டால் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் எல்லாம் வரிசை கட்டி நின்றுவிடும், ஜூன் 14 வரை 61 நாள் அசைவு கிடையாது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் என்றால் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நாட்டுப்படகுக்கும் பைபர் படகுக்கும் இந்தத் தடை இல்லைதான், ஆனால் ஐப்பசி கார்த்திகையில் புயல் கூண்டு ஏற்றினால் அவையும் டிராக்டர் போட்டு மேட்டுக்கு இழுக்கப்பட்டு நாள்கணக்கில் சும்மா கிடக்கும். எந்தப் படகில் என்ன சாமான் இருக்கிறது என்று படகுத்துறை முழுக்கத் தெரியும், வேலையாட்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், விளக்குக் கம்பத்தில் பாதி எரியாது. களவுக்கு இதைவிடத் தோதான நேரம் ஏது.

படகையே கொண்டுபோவது அபூர்வம். வருகிறவன் எக்செல் வண்டியில் வைத்துக் கட்டக்கூடியதைத் தேடித்தான் வருகிறான்: அவுட்போர்டு எஞ்சின் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டுவது), பேட்டரி, ஜிபிஎஸ், வாக்கி டாக்கி, காப்பர் கேபிள், டீசல், ஈயம் கோத்த வலை. இதில் பாதி முழுசாக விற்பதற்கு, மீதி பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போடுவதற்கு. அதனால் பூட்டு வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன்னால் கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். படகில் இல்லாத பொருளை எவனும் படகிலிருந்து எடுக்க முடியாது.

ஜிபிஎஸ், கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், விஎச்எப் வாக்கி டாக்கி எல்லாம் இரண்டு திருகு, ஒரு பிளக், அவ்வளவுதான். ஜிபிஎஸ்ஸைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெட்டி போனால் கடன்பட்டாவது புதிது வாங்கிவிடலாம், அதற்குள் இருக்கிற பாயிண்டுகள் போனால் போனதுதான். எந்தப் பாரில் (கடலடிப் பாறையில்) எந்த மாதம் என்ன மீன் நிற்கும், எங்கே வலை மாட்டிக் கிழிந்தது, எங்கே முங்கிப்போன படகு கிடக்கிறது என்று பல வருஷம் சேர்த்த கணக்கு அது. மெமரி கார்டு போடுகிற மாடல் என்றால் அதில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் உட்கார்ந்து ஒரு நோட்டில் அட்சம், தீர்க்கம் இரண்டையும் எழுதி, பக்கத்தில் நீங்கள் வைத்த பெயரையும் எழுதிவிடுங்கள், ஒரு சாயங்காலம் போகும், போகட்டும். படகு இருக்கும் இடத்தைக் கரைக்குக் காட்டும் டிரான்ஸ்பாண்டரை அரசு கொடுத்து மாட்டியிருந்தால் அதை நீங்களாகக் கழற்றாதீர்கள், மீன்வளத் துறை ஆபீசில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

பேட்டரியையும் எடுத்துவிடுங்கள், வீட்டில் வைத்து அவ்வப்போது சார்ஜ் ஏற்றினால்தான் அதற்கும் ஆயுசு. படகில் பேட்டரி இல்லையென்றால் ஸ்டார்ட் பண்ணி ஓட்டிக்கொண்டு போகிற வேலையும் கஷ்டமாகிவிடும்.

அவுட்போர்டுக்கு வருவோம். பைபர் படகுகளில் அதிகம் ஓடும் 9.9 குதிரைசக்தி எஞ்சின் 35, 40 கிலோ அளவில்தான் வரும், இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு முடிவதற்குள் தூக்கிவிடுவார்கள். தினமும் ஓட்டுகிற காலத்திலேயே அதைக் கழற்றித் தோளில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு, அதுதான் சரி. நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவி, கார்பரேட்டரில் நிற்கிற எண்ணெயைத் தீர்த்து, ஸ்டாண்டில் நிமிர்த்தி மாட்டி வையுங்கள். எண்ணெய் கேனை மட்டும் அடுப்பு இருக்கிற வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

தூக்க முடியாத எஞ்சின், அல்லது வீட்டில் இடமில்லை என்றால் அது நிற்கும் இடத்திலேயே பூட்டியாக வேண்டும். படகின் பின்பலகையைக் கவ்விப் பிடிக்கிற இரண்டு திருகுகளின் கைப்பிடிகளையும் ஒன்றையொன்று பார்க்கத் திருப்பி, அவை இரண்டையும் உள்ளே விழுங்குகிற மாதிரி ஒரு ஸ்டெயின்லெஸ் சதுரக் குழாயைச் சொருகி, முனையில் பூட்டு போட வேண்டும். கடையில் ரெடிமேடாகவும் கிடைக்கும், வெல்டிங் பட்டறையில் அளவு கொடுத்தாலும் செய்து தருவார்கள். கைப்பிடித் துளைகளில் வெறும் பூட்டு மட்டும் தொங்கவிட்டால் ஒரு போல்ட் கட்டர் போதும். அதோடு பின்பலகையில் துளை போட்டு போல்ட் முடுக்குகிற எஞ்சின் என்றால், உள்பக்க நட்டின் மேலேயும் போல்ட் தலையிலேயும் எம்-சீல் பிசைந்து அப்பிவிடுங்கள். ஸ்பேனர் கவ்வாது, ஆலன் கீ உள்ளே இறங்காது, உளி வைத்துத் தட்டினால்தான் விடும், அந்தச் சத்தத்துக்கு நாய் குரைக்கும்.

பூட்டு விஷயத்தில் கடல் காற்று நம்மைவிடக் கெட்டிக்காரன். சாதாரண இரும்புப் பூட்டு சீக்கிரமே துருவேறி உங்கள் சாவிக்கே திறக்காது, கடைசியில் நீங்களே அறுக்க வேண்டி வரும். பித்தளை உடம்பு, ஸ்டெயின்லெஸ் வளையம் உள்ள பூட்டாக வாங்குங்கள், சாவித் துவாரத்தில் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள், அப்புறம் பழைய சைக்கிள் டியூபில் ஒரு சாண் வெட்டிப் பூட்டின் மேல் சட்டை மாதிரி மாட்டிவிட்டால் உப்புத்தண்ணீர் நேரே அடிக்காது. வளையம் எவ்வளவு தடிமன் என்று பார்க்கிறவர்கள் அந்தப் பூட்டு கோத்த சங்கிலி எதில் மாட்டியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. மரச் சட்டத்தில் இரண்டு ஆணியில் நிற்கிற கொக்கியில் ஆயிரக்கணக்கில் செலவழித்த சங்கிலியைக் கட்டுவதால் என்ன பிரயோஜனம்? பைபரில் ஊடுருவத் துளை போட்டு, உள்ளே அகலமான தகடு கொடுத்து முடுக்கிய வளையத்தில் கட்டுங்கள்.

ஆனால் படகு அவசரத்துக்கு நகர வேண்டிய பொருள். நான்கைந்து படகைச் சங்கிலியால் சேர்த்துப் பூட்டிவிட்டு எல்லோரும் ஊருக்குப் போன பிறகு ஒரு படகில் தீப்பிடித்தாலோ திடீரென்று கடல் ஏறினாலோ என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொரு சாவி கரையிலேயே இருக்கும் ஒருவரிடம் கட்டாயம் இருக்க வேண்டும். அவர் யார் என்பது சங்கத்துக்கும் தெரிய வேண்டும்.

டீசல் டேங்கில் மூடிக்குப் பூட்டு போட்டால் மட்டும் போதாது, எஞ்சினுக்குப் போகிற லைனில் உள்ள வால்வையும் அடைத்து, குழாயைக் கழற்றி உறிய முடியாதபடி எஞ்சின் அறைக் கதவையும் பூட்ட வேண்டும். ஒட்டக் காலி செய்துவிடலாமே என்று தோன்றும், ஆனால் காலி டேங்கில் உள்சுவர் வேர்த்துத் தண்ணீர் சேரும். இருக்கிற அளவை அளவுகோலில் குறித்துக்கொண்டு வாரம் ஒருமுறை விட்டுப் பாருங்கள், குறைந்தால் உடனே தெரியும்.

வலையைப் படகிலேயே தார்ப்பாயால் மூடி விட்டுவிடுவது நம்மவர்கள் பழக்கம். வலை பின்னும் கூடத்தில் இடம் கிடைத்தால் அங்கே பூட்டி வையுங்கள், இல்லையேல் வீட்டு மாடி. வலை முழுசாகப் போகாது, அடிக்கயிற்றை அறுத்து ஈயத்தை மட்டும் உருவிக்கொண்டு போவான். அவனுக்குக் கிடைப்பது எடைக்காசு, நமக்கு வலையே வீண். விசைப்படகைச் செப்பனிடக் கரையேற்றியிருந்தால் கழற்றிய ப்ரொப்பெல்லரைப் படகுக்கு அடியில் போட்டு வைக்காதீர்கள், அது அத்தனையும் பித்தளை விலை.

இனி அடையாளம். திருட்டு எஞ்சின் பிடிபட்டாலும் அது உங்களுடையதுதான் என்று நிரூபிக்க முடியாவிட்டால் ஸ்டேஷன் வாசலில் துருப்பிடித்துக் கிடக்கும். எஞ்சின் நம்பர் தகட்டைப் பெயர்த்து எறிவது சுலபம், எனவே படகின் பதிவு எண்ணை மேல்மூடிக்கு உள்பக்கமும், பிராக்கெட்டில் கண்ணுக்குப் படாத ஓர் இடத்திலும் கொத்தி வையுங்கள். நங்கூரத்தில் வெல்டிங்கில் எழுதலாம். வலையின் மேல்கயிற்றில் குறிப்பிட்ட இடைவெளியில் உங்களுக்கு மட்டும் தெரிந்த நிறத்தில் ஒரு நூலைச் சேர்த்துப் பின்னிவிடலாம். பில், பதிவுச் சான்று, ஒவ்வொரு சாமானின் சீரியல் நம்பர், நாலு பக்கமும் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் பிள்ளைகளுக்கோ உங்களுக்கேயோ அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். படகிலேயே பெட்டியில் வைத்த பில், படகோடு போய்விடும்.

கேமரா வைக்கலாமா என்றால், வைக்கலாம். சிம் போடுகிற சோலார் கேமரா கிடைக்கிறது. ஆனால் என் கணக்கில் அதே காசை வரிசையில் நிற்கும் படகுக்காரர்கள் எல்லோரும் சேர்த்துப் போட்டு, கரையில் படுக்கிற பெரியவர் ஒருவருக்குச் சம்பளமும் ஒரு நல்ல டார்ச்சும் கொடுப்பது மேல். கேமரா பார்க்கத்தான் செய்யும், பெரியவர் "எவன்டா அது" என்று கேட்பார். வேலையை விட்டு நின்ற ஆளிடம் சாவி இருந்தால் வாங்கிவிடுங்கள் அல்லது பூட்டை மாற்றுங்கள். அவரைச் சந்தேகப்படுவதற்காக இல்லை, நாளைக்கு ஒன்று காணாமல் போனால் அவர் பேர் அடிபடக் கூடாது என்பதற்காகத்தான்.

மீறியும் போய்விட்டதா? எதையும் தொடாமல் படம் எடுங்கள், அன்றே புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீதாவது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தருவது) வாங்குங்கள், இன்சூரன்ஸுக்கு எப்ஐஆர் கேட்பார்கள். பாலிசியையும் முன்பே படித்து வையுங்கள், அவுட்போர்டு தனியாகப் பூட்டியிருந்தால்தான் பணம் என்று நிபந்தனை போடுகிற பாலிசிகள் உண்டு. அக்கம்பக்கத்துத் துறைகளில் இருக்கும் எஞ்சின் மெக்கானிக்குகளுக்கு நம்பரை அனுப்புங்கள், திருட்டு எஞ்சின் என்றைக்காவது ரிப்பேருக்கு அவர்கள் கையில்தான் வரும். படகே காணோம் என்றால் ஒரு நிமிஷம் தாமதிக்காதீர்கள், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093 எண்ணில் சொல்லிவிடுங்கள். பாக் நீரிணைப் பக்கம் காணாமல் போன படகு கடத்தலில் சிக்கினால், பதிவு எண்ணை வைத்து முதலில் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள், அப்போது புகார் கொடுத்த தேதியும் நேரமும்தான் உங்களுக்குத் துணை.

தடை முடிந்து படகை இறக்குகிற அன்று, சாமி கும்பிட்டுத் தேங்காய் உடைப்பதற்கு முன்பே அடிப்பக்கம் ஒரு சுற்று குனிந்து பார்த்துவிடுங்கள். தண்ணீர் வடிக்கிற பித்தளைத் தக்கை இருக்கிறதா, கடல்நீர் எடுக்கிற வால்வு இருக்கிறதா, ப்ரொப்பெல்லர் நட்டும் அது கழலாமல் சொருகிய பின் ஊசியும் இருக்கிறதா? இவை எல்லாம் எடைக்குப் போகிற சாமான்கள், போனது கரையில் தெரியாது, ஆழத்தில் போன பிறகு தெரிந்தால் தாமதம்.