புகைக்கூடத்து டபுள் பேஸ்: உடைந்த பழைய வாத்தியத்தை அடையாளம் கண்டு விலை போடுவது எப்படி?

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டக்காரர், வீட்டை இடித்துக் கட்டப்போகிறார். ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தின் பரணில் ஆள் உயரத்துக்கு ஒரு 'வயலின்' கிடக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று போன் செய்தார். வயலினும் கிட்டாரும் பழுது பார்ப்பது என் தொழில். எப்போதாவது ஒரு செல்லோ வரும். வயலின் குடும்பத்திலேயே பெரிசான டபுள் பேஸ் வருவது அதைவிட அபூர்வம். அன்று மதியமே போய்விட்டேன்.

"எங்க பாட்டா திருவனந்தபுரத்துல ஏலத்துல எடுத்தது தம்பி. நூத்தம்பது வருசம் இருக்கும். எப்படிக் கறுத்துக் கெடக்கு பாருங்க" என்றார் அண்ணாச்சி.

கறுத்துத்தான் கிடந்தது. அந்தக் கறுப்பைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலோ, பழைய சர்ச் பாடகர் குழுவின் அறையிலோ இப்படி ஒன்று கிடைத்தால் எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை அந்த ஒரு வாத்தியத்தை வைத்தே விளக்குகிறேன்.

1. முதலில் ஒன்றும் செய்யாதீர்கள்

நான் போனபோது அண்ணாச்சியின் மனைவி, மைனி, ஈரத்துணியோடு தயாராக நின்றார். கெஞ்சித் தடுத்தேன். பழைய வார்னிஷ் மேல் தண்ணீர், மண்ணெண்ணெய், தின்னர் எதுவும் படக்கூடாது. கரையானுக்குப் பயந்து உத்திரத்துக்கு அடிக்கிற அண்டி எண்ணெயை (முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயை) இதற்கும் அடித்துவிடாதீர்கள். நம் பக்கத்தில் அதைச் செய்யக்கூடியவர்கள் உண்டு என்பதால்தான் சொல்கிறேன்.

அடுத்து, உடைந்து விழுந்த சிராய்கள். விரல்நகம் அளவு துண்டானாலும் பொறுக்கி ஒரு கவரில் போட்டு வையுங்கள். சொந்த மரத்துண்டு இருந்தால் ஒட்டு தெரியாது. இல்லையென்றால் புது மரம் செதுக்கி, நிறம் சேர்த்து, கூலி இரண்டு மடங்காகும்.

பிரிந்த இடத்தைத் தச்சுப் பட்டறையின் வெள்ளைப் பசையால் நீங்களே ஒட்டுவது எல்லாவற்றையும்விட மோசம். இந்த வாத்தியங்களை விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசையால்தான் ஒட்டியிருப்பார்கள். அது கொஞ்சம் வெந்நீருக்கே இளகும். மரம் இழுக்கும்போது பலகை வெடிக்காமல் ஒட்டு மட்டும் விட வேண்டும் என்றே அப்படிச் செய்வது. வெள்ளைப் பசை போட்ட இடத்தை மறுபடி பிரிக்க மரத்தையே கிழிக்க வேண்டிவரும்.

கம்பிகள் இன்னும் இழுப்போடு இருக்கிறதா? மேல்பலகையில் 'f' எழுத்து வடிவில் வெட்டியிருக்கும் எஃப் ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பிகளைத் தூக்கிப் பிடிக்கிற கட்டைதான் குதிரை. மெல்லிய கம்பிப் பக்கத்துக் குதிரைக்காலுக்குச் சற்றுக் கீழே, மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில் ஒரு உருளைக் கட்டை முட்டுக்கொடுத்து நிற்க வேண்டும். அதுதான் சவுண்ட் போஸ்ட். அது விழுந்து கிடந்தால் நான்கு கம்பியையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாறிமாறித் தளர்த்திவிடுங்கள். முட்டு இல்லாத மேல்பலகை குதிரையின் அழுத்தத்தில் உள்ளே அமுங்கிவிடும்.

2. விலாப்புறமாகப் படுக்கவைத்து அளவெடுங்கள்

மல்லாக்கப் போடாதீர்கள், கவிழ்க்கவும் வேண்டாம். பாய் விரித்து ஒருக்களித்து வையுங்கள். துணி தைக்கிற டேப் போதும்.

கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் ஏறும் சின்னப் படியிலிருந்து குதிரை வரைக்கும் உள்ள நீளம்தான் முக்கியம். குதிரை காணாமல் போயிருந்தாலும் கவலையில்லை. இரண்டு எஃப் ஓட்டைகளின் உள்விளிம்பிலும் சின்ன வெட்டுக் குறி இருக்கும். இரண்டையும் இணைத்தால் வரும் கோட்டில்தான் குதிரை நிற்கும். இந்த நீளம் 104 முதல் 107 சென்டிமீட்டருக்குள் வந்தால் அது முக்கால் சைஸ். 'முக்கால்' என்றதும் குறைச்சலாக நினைக்க வேண்டாம், உலகத்தில் பெரும்பாலோர் வாசிப்பது அதைத்தான். 110ஐ ஒட்டி வந்தால் முழு சைஸ். 97 பக்கம் என்றால் அரை, அது பிள்ளைகளுக்கானது, விலையும் குறையும். அண்ணாச்சி வீட்டில் 105 வந்தது.

அப்படியே கம்பியை முறுக்கும் பிரடைகள் இருக்கிற பிரடைப் பெட்டியையும் பாருங்கள். இன்றைய பேஸுக்கு நான்கு கம்பி, சிலவற்றில் ஐந்து. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் இத்தாலியிலும் மூன்று கம்பி பேஸ் நிறையப் புழங்கியது. பெட்டியில் பழைய துளைகளை அடைத்து, வேறிடத்தில் துளைத்த தடம் இருந்தால் ஆளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டிய சரக்கு அது. சுருள் தலையின் கன்னத்தில் மெல்லிய ஒட்டுக் கோடு தெரிந்தாலும் அப்படியே. பழைய தலையை வைத்துக்கொண்டு புதுக் கழுத்து மாட்டியிருக்கிறார்கள். மதிப்பில்லாத வாத்தியத்துக்கு யாரும் அவ்வளவு செலவு செய்ய மாட்டார்கள்.

3. பலகையா, பிளைவுட்டா?

விலையைப் பாதி தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். எஃப் ஓட்டையின் வெட்டு விளிம்பில் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். சாண்ட்விச் மாதிரி மூன்று அடுக்கு தெரிந்தால் பிளைவுட். மேலிருந்து கீழ்வரை ஒரே நரம்பாக ஓடினால் செதுக்கிய பலகை. விளிம்பில் பெயின்ட் பூசி மறைத்திருந்தால் பின்பலகையைப் பாருங்கள். வெளியே தெரிகிற ஒரு கணுவோ வரியோ உள்ளேயும் அதே இடத்தில் இருக்கிறதா? இருந்தால் ஒரே பலகை.

மேலே ஸ்ப்ரூஸ், பின்னாலும் விலாவிலும் மேப்பிள், இதுதான் வழக்கம். மேல்பலகை மட்டும் செதுக்கி மற்றதெல்லாம் பிளைவுட்டாகச் செய்வதும் உண்டு. பிளைவுட்டை இளப்பமாக நினைக்காதீர்கள். சிகாகோவின் கே கம்பெனி 1937இலிருந்து செய்த பிளைவுட் பேஸ்களை ஜாஸ்காரர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் சேர்ந்து அடிக்கிற நம்மூரில் பிளைவுட்தான் தாக்குப்பிடிக்கும் என்பதும் என் அனுபவம்.

அண்ணாச்சியுடையது முழுக்கப் பலகை. பின்பக்கம் வளைவில்லாமல் தட்டை. தட்டை முதுகுக்கு உள்ளே குறுக்குச் சட்டங்கள் இருக்கும், வம்பே அங்கேதான். ஈரத்தில் பலகை அகலவாட்டில் உப்பும். சட்டத்தின் நரம்பு அந்த வாட்டிலேயே நீளமாக ஓடுவதால் சட்டம் நீளாது. ஒன்று ஒட்டு விடும், இல்லை முதுகு வெடிக்கும். இங்கே நல்லவேளை, இரண்டு சட்டங்கள் ஒட்டு விட்டு உள்ளே உருண்டுகொண்டிருந்தன.

4. கறுப்பு வயதல்ல

கம்பிகளின் கீழ்முனையை மாட்டும் டெயில்பீஸ் மூடியிருந்த இடத்தில் குனிந்து டார்ச் அடித்தேன். அதன் நிழலில் ஒரு பட்டை மட்டும் பழுத்த ஆரஞ்சு நிறம். சுற்றிலும் கன்னங்கறேல். பல வருடமாக ரப்பர் ஷீட்டுக்குப் போட்ட புகை அது. அண்ணாச்சியைக் குனியச் சொல்லிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப நூத்தம்பது வருசம்?" என்றார்.

மேலே தெரிகிற நிறத்தை வைத்து வயது சொல்லாதீர்கள். புகை கறுப்பாக்கும், பட்டறைக்காரர்களே பழசுபோலத் தெரிய நிழல் பூசுவதும் உண்டு. ஏமாற்றாதது தேய்மானம். வாசிப்பவரின் உடம்பு சாயும் மேல்தோளில் வார்னிஷ் போயிருக்கிறதா? விரல் பலகையில் கம்பி உழுத பள்ளம் இருக்கிறதா? அந்தப் பலகை கருங்காலியா, கறுப்புச் சாயம் பூசிய வேறு மரமா என்பது பள்ளத்திலேயே தெரியும்: உள்ளே பழுப்பு எட்டிப் பார்த்தால் சாயம்.

5. லேபிளைக் கடைசியில் படியுங்கள்

எல்லாரும் முதலில் ஓடுவது லேபிளுக்குத்தான். லேபிளை யாரும் அச்சடிக்கலாம், யாரும் ஒட்டலாம். 1737இல் இறந்துபோன இத்தாலிய வயலின் மேதை ஸ்ட்ராடிவாரியின் பெயரைப் போட்டு அதற்கப்புறம் வந்த தொழிற்சாலை வயலின்களுக்குக் கணக்கே இல்லை. ஆள் பெயரை விட்டுவிட்டு நாட்டின் பெயரைப் பாருங்கள், அது உதவும்.

நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் கடைசிக்கு அப்புறம் செய்தது. வெளிநாட்டுச் சரக்கில் நாட்டின் அடையாளம் வேண்டும் என்று பிரிட்டன் 1887இல் சட்டம் போட்டது, அமெரிக்காவில் 1891இலிருந்து. 'ஜெர்மன் ஜனநாயகக் குடியரசு' என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடையில்.

அண்ணாச்சியின் லேபிளை இராமபாணப் பூச்சி முக்கால்வாசி தின்றுவிட்டது. போனோடு இணைகிற எண்டோஸ்கோப் கேமராவை உள்ளே விட்டால், மிச்சமிருந்தது '...ஸ்லோவாகியா' என்ற வால் மட்டும். அது போதும். செக்கோஸ்லோவாகியா என்ற நாடு 1918இல்தான் பிறந்தது, 1992 முடிவோடு பிரிந்தது. நூற்றைம்பது வருடக் கதை அந்த வாலிலேயே முடிந்தது.

லேபிள் சொல்வதை மரமும் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். கேமராவை மூலைகளுக்குத் திருப்பினேன். நல்ல பட்டறையில் விலாக்கள் சேரும் மூலைக்குள் கட்டை வைத்து நிரப்புவார்கள். இங்கே மேல்மூலைகள் வெறும் பொந்து. ஜெர்மனி-செக் எல்லையோரத்து வாத்தியத் தொழில் ஊர்களான ஷோன்பாக், மார்க்நாய்கிர்ஷன் பக்கத்தில் வீடுவீடாகப் பாகம் பாகமாகச் செய்து வியாபாரிகளுக்குக் கொடுத்த மலிவுச் சரக்கில் இது அடிக்கடி பார்க்கிற விஷயம். ஷோன்பாக் 1918க்கு அப்புறம் செக்கோஸ்லோவாகியாவுக்குள் வந்த ஊர். உள்ளே குடல் நரம்புக் கம்பியின் ஒரு துண்டும் கிடந்தது. எஃகுக் கம்பி பரவுவதற்கு முன்னால் வாசித்த வாத்தியம். எல்லாம் சேர்த்து, இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலம் என்று எழுதிக்கொண்டேன்.

6. எந்த உடைசல் எவ்வளவு தின்னும்?

விளிம்பில் ஒட்டு விட்டது செலவே இல்லை. விரல் முட்டியால் ஓரமாகத் தட்டிக்கொண்டே போங்கள், 'சளசள' என்ற இடமெல்லாம் பிரிந்த இடம். விலாவில் வெடிப்பு, நடுத்தரம். கழுத்தின் அடிப்பகுதி முறிவு, எஃப் ஓட்டையிலிருந்து கீழே ஓடும் வெடிப்பு, இவை பெரிய வேலை, ஆனாலும் நல்ல கைக்கு அடங்கும்.

பயப்பட வேண்டியது சவுண்ட் போஸ்ட் நிற்கிற இடத்து வெடிப்பு. மேல்பலகையிலென்றால் கஷ்டம், பின்பலகையிலென்றால் விலையே சரியும். சேதத்தைக் குடைந்து எடுத்து உள்ளே மரம் பதிக்க வேண்டும், அதற்கு வாத்தியத்தையே திறக்க வேண்டும். தடித்த கம்பிப் பக்கம் உள்ளே நீளமாக ஓடும் பேஸ் பார் ஓரத்து வெடிப்பும் இதே ஜாதி.

வண்டு துளைகள் இருந்தால் அடியில் செய்தித்தாள் விரித்துத் தட்டுங்கள். வெளிர் நிறத்தில் புதுப்பொடி கொட்டினால் வண்டு இன்னும் உள்ளேதான் குடியிருக்கிறது. புகையில் கிடந்ததாலோ என்னவோ, இங்கே ஒன்றும் கொட்டவில்லை. சேதக் கணக்கு: விலா இரண்டு, கழுத்தடி, எஃப் ஓட்டை வெடிப்பு ஒன்று, முதுகுச் சட்டம் இரண்டு. போஸ்ட் இடம் சுத்தம்.

7. விலைக் கணக்கு

இணையத்தில் யாரோ கேட்டிருக்கும் விலை விலையல்ல. விற்று முடிந்த விலையைப் பாருங்கள். லண்டன், நியூயார்க் வாத்திய ஏலக்காரர்கள் முடிந்த ஏலங்களின் தொகையை இணையத்தில் போடுகிறார்கள். அதே ஊர், அதே காலம், அதே தரம் பார்த்து ஒப்பிட வேண்டும்.

அப்புறம் கழித்தல். ஒரு பேச்சுக்கு, சரிசெய்த பிறகு மூன்று லட்சம் போகும் என்று வையுங்கள். பழுது 1,60,000, கம்பி செட்டும் குதிரையும் வண்டிக்கூலியும் 25,000, வாங்கி விற்பவருக்கு 50,000. மிச்சம் 65,000. இன்றைய நிலையில் அதன் விலை அதுதான், மூன்று லட்சம் அல்ல. கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழே போகிற வாத்தியங்களும் உண்டு. அவற்றைப் பாகமாகப் பிரித்து விற்பதே லாபம்: பிரடைகள், கருங்காலி விரல் பலகை, சுருள் தலை.

நம் ஊரில் வாங்குபவர்கள் குறைவு. சென்னை ஒலிப்பதிவு வட்டாரம், பெங்களூரு ஜாஸ்காரர்கள், மும்பையில் 2006இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா மாதிரி இடங்களில் வாசிப்பவர்கள், இவர்களிடம் ஆள் வழியாகத்தான் போக முடியும். வெளிநாட்டுக்கு விற்க நினைத்தால், நூறு வருடம் தாண்டிய கைவினைப் பொருளை அனுப்ப 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கும். வயது நூறை ஒட்டி வந்தால் தொல்லியல் துறையிடம் கேட்காமல் பெட்டி கட்டாதீர்கள்.

கிளம்பும்போது கேட்டேன், "வில் எங்கே அண்ணாச்சி?" பழைய பேஸோடு வரும் வில்லில் பிடிக்குப் பக்கத்தில் குச்சியில் குத்திய முத்திரை இருந்தால், சில சமயம் வாத்தியத்தைவிட அந்தக் குச்சி அதிகம் போகும். அண்ணாச்சி மைனியைப் பார்த்தார். மைனி யோசித்துவிட்டு, கறுப்பாக ஒரு கம்பு, ஒரு முனையில் கட்டை வைத்தது, பாவற்பந்தலுக்கு ஊன்றின மாதிரி ஞாபகம் என்றார். இருட்டிவிட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் பின்பக்கம் போனோம்.