குடும்பத்தோடு வெளியே போகும்போது ஆண்டுப் பறவைப் பட்டியல் எழுதுவது எப்படி?

ஜனவரி 1 தொடங்கி டிசம்பர் 31 வரை, குடும்பமாக வெளியே போன நாள்களில் கண்ட பறவை இனங்களை, ஒவ்வொன்றையும் முதலில் கண்ட நாளோடும் இடத்தோடும் குறித்து வைப்பதுதான் ஆண்டுப் பட்டியல். அடுத்த ஜனவரியில் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அன்று காகமும் புதுப் பறவைதான். பார்த்துப் பழகிய பறவையையும் ஆண்டுக்கொரு முறையாவது நின்று பார்க்க வைப்பது இந்தப் பழக்கத்தின் பெரிய நன்மை.

பலரும் ஒரு நோட்டில் 1, 2, 3 என்று எண் போட்டு, புதிதாகக் கண்ட பறவையின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டே போகிறார்கள். இரண்டு மூன்று மாதம் இது ஓடும். பிறகு ஏப்ரலில் ஒருநாள் பழைய படத்தைப் பார்க்கும்போது, பிப்ரவரியில் ‘உள்ளான்’ என்று எழுதியது உள்ளானே அல்ல என்று தெரியவரும். அந்த வரியை அடிப்பது எளிது. ஆனால் மார்ச்சில் எங்கோ உண்மையான உள்ளானைப் பார்த்திருப்பீர்கள். ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறதே என்று அன்று அதை எழுதியிருக்க மாட்டீர்கள். ஒரே தவறில் இரண்டு பதிவும் போய்விடும்.

ஆகவே இரண்டு அடுக்காக எழுதுங்கள். முதல் அடுக்கு உலாத் தாள்: ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் கண்ட எல்லாப் பறவைகளும், நூறாவது முறை காணும் மைனா உட்பட, இதில் ஏறும். இரண்டாவது ஆண்டுப் பட்டியல்: உலாத் தாள்களிலிருந்து, முதன்முறை கண்டவற்றை மட்டும் எடுத்து எழுதுவது. களத்தில் எழுத வேண்டியது உலாத் தாளை மட்டும்தான். ஆண்டுப் பட்டியலை வீட்டில் உட்கார்ந்து எழுதினால் போதும்.

முதல் பக்கத்தில் விதிகள்

ஆண்டின் நடுவில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை விதி எழுதி வைக்காததால் வருபவை. தொடங்கும் நாளிலேயே எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து இவற்றை முடிவு செய்யுங்கள். எது உலா? வீட்டு ஜன்னலில் கண்ட பறவை சேருமா? ஓடும் காரிலிருந்து கண்டது? குறைந்தது எத்தனை பேர் சேர்ந்து போயிருக்க வேண்டும்? இருவர் போனாலே உலா, வண்டியிலிருந்து கண்டதும் சேரும், வீட்டு ஜன்னல் சேராது என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் ஓர் ஏற்பாடு. வேறு மாதிரி வைத்துக்கொண்டாலும் தவறில்லை. ஆண்டு முழுவதும் மாற்றாமல் இருந்தால் சரி.

உயிரோடு, கட்டுப்பாடில்லாமல், காட்டுநிலையில் இருக்கும் பறவை மட்டுமே கணக்கு. கூண்டுப் பறவை, உயிரியல் பூங்காப் பறவை, வளர்ப்பு வாத்து, செத்துக் கிடந்தது, கூட்டில் இருக்கும் முட்டை எதுவும் சேராது. உயிரியல் பூங்காவின் குளத்துக்குத் தானாகப் பறந்து வந்த நாரை சேரும். குரல் மட்டும் கேட்ட பறவையையும் சேர்க்கலாம். ஆனால் அதைத் தனிக் குறியோடு எழுதுங்கள். பின்னால் கண்ணால் கண்டதும் அந்த நாளையும் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

குடும்பப் பட்டியல் ஒன்றா, ஆளுக்கொன்றா என்பது அடுத்த கேள்வி. நோட்டு ஒன்றே போதும். ஒவ்வொருவருக்கும் ஓர் எழுத்துக் குறி கொடுத்து, பறவையின் பெயருக்கு எதிரே கண்டவர்களின் குறிகளை மட்டும் போடுங்கள். ஒருவர் கண்டாலே குடும்பப் பட்டியலில் சேரும்; அவரவர் தனிக் கணக்கு அவரவர் குறியை எண்ணினால் வந்துவிடும். தம்பி பார்த்துவிட்டான், அக்கா பார்க்கவில்லை என்றால் அக்காவின் குறியைப் போடக் கூடாது. இதில் இரக்கம் காட்டி ஒரு குறி போட்டால், அப்புறம் எந்தக் குறியையும் நம்ப முடியாது. பிள்ளைகளே இதில் பெரியவர்களைவிடக் கறாராக இருப்பார்கள்.

உலாத் தாளில் என்ன எழுதுவது

நாளுக்கு ஒரு தாள் அல்ல, இடத்துக்கு ஒரு தாள். காலையில் ஏரி, மாலையில் குன்று என்றால் இரண்டு தாள். தலைப்பில் தேதி, இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், நடந்த தூரம், வானிலை, வந்தவர்கள். இடத்தை ‘ஏரி’ என்று விடாமல், ‘ஏரியின் மேற்குக் கரை, மதகுக்கு அருகில்’ என்று எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே பறவையைத் தேடிப் போகும்போது இந்த ஒரு வரிதான் உதவும். போன வழியிலேயே திரும்பி வந்தால் தூரத்தை ஒருமுறை மட்டும் கணக்கிடுங்கள்.

கீழே ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு வரி: பெயர், எண்ணிக்கை, கண்டதா கேட்டதா, கண்டவர்களின் குறிகள், குறிப்பு. எண்ணிக்கையில் ‘நிறைய’ என்று எழுதாதீர்கள். சிறு கூட்டமானால் ஒவ்வொன்றாக எண்ணுங்கள். பெருங்கூட்டமானால் ஓர் ஓரத்தில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்து, மொத்தக் கூட்டத்திலும் அப்படி எத்தனை பத்து இருக்கிறது என்று அளந்து எழுதலாம். ஒரே பருந்து வட்டமடித்துத் திரும்பத் திரும்ப வந்தால், ஒரே நேரத்தில் சேர்ந்து தெரிந்தவற்றுள் அதிகமான எண்ணை எழுதுங்கள்.

பென்சிலால் எழுதுவது நல்லது. பேனா மை மழையிலும் பனியிலும் கரையும். எழுதும் பொறுப்பு ஒருவருக்கு, எண்ணும் பொறுப்பு ஒருவருக்கு, முதலில் கண்டு திசை சொல்வது மற்றவர்களுக்கு என்று பிரித்து, இடத்துக்கு இடம் மாற்றிக்கொண்டால் யாரும் சும்மா நடக்க வேண்டியிருக்காது. திசை சொல்லக் கடிகார முள்ளைப் பயன்படுத்துங்கள்: ‘பெரிய மரம், உச்சி பன்னிரண்டு மணி, பறவை இரண்டு மணியில்’. ‘அதோ, அங்கே’ என்பதால் தவறவிட்ட பறவைகள் ஏராளம்.

சந்தேகம் வரும்போது

பறவை தெரிந்தவுடன் புத்தகத்தைத் திறக்காதீர்கள். கிடைத்த நொடிகளில் பறவையைப் பாருங்கள். அது போன பிறகு கண்டதை எழுதுங்கள். அதற்குப் பின் களக்கையேட்டைத் திறங்கள். படத்தைப் பார்த்துவிட்டு எழுதினால், பறவையில் காணாத நிறமும் குறிப்பில் வந்துவிடும். அளவை செ.மீ.யில் ஊகிக்காமல், தெரிந்த பறவையோடு ஒப்பிடுங்கள்: சிட்டுக்குருவியை விடப் பெரிது, மைனாவை விடச் சிறிது. பிறகு அலகின் நீளமும் வளைவும், காலின் நிறம், கண்ணருகே கோடு உண்டா, பறக்கும்போது சிறகிலும் வாலிலும் வெள்ளை தெரிந்ததா, எங்கே இருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது. வாலை ஆட்டியது, தண்ணீரில் தலைகீழாக மூழ்கியது போன்ற செய்கைகள் நிறத்தை விடப் பல சமயம் நம்பகமானவை. சூரியன் பறவைக்குப் பின்னால் இருந்தால் எல்லாமே கறுப்பாகத் தெரியும். முடிந்தால் வெயில் உங்கள் முதுகில் விழும்படி இடம் மாறி நின்று பாருங்கள்.

ஆணும் பெண்ணும் வேறு வேறாக இருக்கும் இனங்களில் பட்டியல் எளிதில் ஏமாறும். ஆண் குயில் பளபளக்கும் கறுப்பு. பெண் பழுப்பு, உடலெங்கும் வெண்புள்ளி. தெரியாதவர் இரண்டு வரி எழுதிவிடுவார். உண்ணிக்கொக்கு இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் ஆரஞ்சாகி, வேறு பறவைபோல நிற்கும். முழுதாக வளராத இளம்பறவைகளும் இப்படித்தான்.

இனம் உறுதியாகவில்லை என்றால் ‘பருந்து வகை’ என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். உலாத் தாளில் அது இருக்கட்டும். ஆண்டுப் பட்டியலுக்குப் போகக் கூடாது. கேள்விக்குறிகள் நிறைந்த தாள் கவனமாகப் பார்த்தவரின் தாள்.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி நல்ல துணை. ஆனால் அது சொல்வதை யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிற பறவைகளின் குரலில் கத்தும் பறவைகள் உண்டு. துடுப்புவால் கரிச்சான் அதில் தேர்ந்தது. செயலி ஒரு பெயரைக் காட்டினால், குரல் வந்த திசையில் தேடிப் பறவையைக் கண்டுவிடுங்கள். அல்லது அந்தக் குரலை ஏற்கெனவே நன்றாக அறிந்தவர் ஒருவர் உறுதி சொல்ல வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கேள்விக்குறிதான்.

அன்றிரவே படியெடுப்பது

உலாத் தாளை அன்றிரவே ஆண்டுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் புதியவற்றை ஏற்றுங்கள். வாரம் கடந்தால் ‘தலையில் கோடு’ என்பது எந்தக் கோடு என்று யாருக்கும் நினைவிருக்காது. படங்களையும் அன்றே பிரித்து வையுங்கள். கேமராவின் கடிகாரத்தைக் கைபேசியோடு ஒப்பிட்டுச் சரிசெய்திருந்தால், படத்தின் நேரமே அது எந்தத் தாளுக்குரியது என்று சொல்லிவிடும்.

கணினியில் விரிதாள் வைத்துக்கொள்வதானால், ஒரு பார்வைக்கு ஒரு வரி. தேதியை 2026-03-08 என்ற வடிவில், ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் எப்படி வரிசைப்படுத்தினாலும் குலையாது. விரிதாளில் உள்ள ‘மினிஃப்ஸ்’ (MINIFS) என்ற சார்பு ஒவ்வோர் இனத்தின் முதல் தேதியைத் தானே எடுத்துத் தரும். பிப்ரவரி வரியைத் திருத்தினால் மார்ச் தேதி தானாக அந்த இடத்துக்கு வந்து நிற்கும். பெயரைத் தட்டச்சு செய்யாமல், ஒரு பெயர்ப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி அமையுங்கள். மடையான் என்று மூன்று வரியும் குளத்துக் கொக்கு என்று இரண்டு வரியும் இருந்தால் கணினி இரண்டு இனமாக எண்ணும். பக்கத்து நிரலில் அறிவியல் பெயரையும் (மடையானுக்கு ஆர்டியோலா கிரேயி) சேர்த்துவிட்டால் இந்தக் குழப்பம் தீரும்.

கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கிய இ-பேர்டு (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் ஆண்டுக் கணக்கை அதுவே போடும். உங்கள் பதிவு ஆய்வுக்கும் பயன்படும். அங்கே நடந்து பார்த்த பட்டியல் ஒன்று 8 கி.மீ.க்குள் இருப்பது நல்லது. அதற்கு மேலானால் இரண்டாகப் பிரியுங்கள். அடையாளம் தெரிந்த எல்லா இனங்களையும் எழுதினீர்களா என்று கேட்கும்போது, பிடித்த பறவைகளை மட்டும் எழுதியிருந்தால் ‘இல்லை’ என்றே சொல்லுங்கள். ஒரு பட்டியலைக் குடும்பத்தில் மற்றவர்களின் கணக்குக்கும் பகிரலாம். அவரவர் காணாததை அவரவர் படியிலிருந்து நீக்கிக்கொள்ளலாம். ஒரு சிக்கல்: தனியாகப் போனதும் குடும்பமாகப் போனதும் அங்கே ஒரே கணக்கில் விழும். குடும்ப உலா ஒவ்வொன்றின் குறிப்பிலும் ஒரே சொல்லை, ‘குடும்பஉலா’ என்பதுபோல, எழுதி வையுங்கள். ஆண்டு முடிவில் தரவைப் பதிவிறக்கி அந்தச் சொல்லால் வடிகட்டலாம்.

இருநோக்கி

8×42 பைனாகுலர் பெரியவர்களுக்கு ஏற்றது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்வில்லையின் விட்டம் மி.மீ.யில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் வரும் 5.25 மி.மீ. அளவுதான் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம். 10×25-இல் அது 2.5 மி.மீ. மட்டுமே, விடியற்காலையில் மங்கிவிடும், கை நடுக்கமும் அதிகம் தெரியும். பிள்ளைகளுக்கு 8×32 அல்லது 6×30 எடை குறைவு. ‘நடுவில் கறுப்பாகத் தெரிகிறது’ என்று பிள்ளை சொன்னால், இரு குழல்களின் இடைவெளி அதன் கண்களுக்கு அகலம் என்று பொருள். முழுதாக மடக்கியும் தீராவிட்டால் வேறு கருவிதான் வேண்டும். கண்ணாடி அணிபவர்கள் கண்கிண்ணங்களைக் கீழே திருகிவிட வேண்டும்.

முதல் நாளிலேயே கண்ணுக்குச் சரிசெய்யுங்கள்: வலப்பக்க வில்லையை மூடி, இடக்கண்ணால் ஒரு எழுத்துப் பலகையை நடுச்சக்கரத்தால் தெளிவாக்குங்கள், பிறகு இடப்பக்கத்தை மூடி, வலக்கண் வளையத்தை மட்டும் திருகுங்கள். பறவையைக் கண்ணால் பிடித்து, பார்வையை எடுக்காமல் இருநோக்கியைக் கண்ணுக்குக் கொண்டுவரப் பழக்குங்கள். சூரியன் இருக்கும் பக்கம் ஒருபோதும் திருப்பக் கூடாது. இதைப் பிள்ளைகளிடம் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

பருவமும் கூடுகளும்

வடகோளத்தில் குளிர்காலத்துக்கு வலசை வரும் பறவைகள் பெரும்பாலும் ஏப்ரலுக்குள் கிளம்பிவிடும். செப்டம்பர், அக்டோபரில்தான் திரும்பும். ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரை நீர்நிலைகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். எப்போதும் இருக்கும் பறவைகளை மே, ஜூனிலும் பார்க்கலாம். விடிந்த முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு நிகரான நேரம் இல்லை. ஜூலையில் புதுப் பெயர் வராமல் போனால் உலாத் தாளை நிறுத்திவிடாதீர்கள். எது போய்விட்டது, எது குஞ்சோடு திரிகிறது என்பது அந்த மாதத் தாள்களில்தான் கிடைக்கும்.

எண்ணிக்கைக்காகக் கூட்டை நெருங்குவது, பதிவு செய்த குரலைப் போட்டுப் பறவையை அழைப்பது இரண்டையும் விதிப் பக்கத்திலேயே விலக்கி வையுங்கள். ஆந்தைக் கூடு போன்றவற்றின் இடத்தை வெளியே பகிர வேண்டாம்.

டிசம்பர் கடைசி வாரத்தில் கேள்விக்குறி வரிகளை ஒருமுறை படங்களோடு ஒப்பிடுங்கள். எது தனி இனம் என்று முடிவு செய்ய எந்த வகைப்பாட்டுப் பட்டியலைப் பின்பற்றினீர்கள், எந்த ஆண்டுப் பதிப்பு என்பதையும் எழுதுங்கள். இனங்கள் பிரிவதும் சேர்வதும் உண்டு: இ-பேர்டின் 2024 திருத்தத்தில் கூகை மூன்று இனங்களாகப் பிரிந்தது, ரெட்போல் என்ற சிறு பறவையின் மூன்று இனங்கள் ஒன்றாயின. அந்தத் திருத்தம் பெரும்பாலும் அக்டோபரில் வருவதால், ஆண்டு நடுவில் எண் திடீரென்று ஒன்று கூடினாலும் குறைந்தாலும் முதலில் அங்கே பாருங்கள். உலாத் தாளில் இடம் எழுதியிருந்தால், பிரிந்த இனங்களில் நீங்கள் கண்டது எது என்பதைப் பெரும்பாலும் பரவல் எல்லையை வைத்தே சொல்லிவிடலாம்.