சேர்வராயன் மலை அடிவாரத்தைப் பார்த்து சேலத்து வீட்டில் தோட்டம் அமைப்பது எப்படி?

ஏற்காட்டு நர்சரியில் ஹைட்ரேஞ்சியா பூச்செடி வாங்கி வந்து சேலத்தில் வைத்தால் சித்திரை வெயிலில் கருகிவிடும். மேலே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டர்கூட இல்லை. நாம் பார்க்க வேண்டியது அடிவாரம்: உசிலை, வெப்பாலை, ஆவாரை, விராலி வளரும் வறண்ட சரிவு.

ஒரே இடத்தை இரண்டு முறை பாருங்கள்: நல்ல மழைக்கு மறுநாளும், பங்குனிக் கடைசியிலும். சாலையோரத்திலிருந்து தெரியும் சரிவே போதும். காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதும், செடியோ கல்லோ எடுப்பதும் குற்றம். கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்தவே கூடாது.

10 அடிக்கு 10 அடி பரப்பைக் கண்ணால் அளந்து நோட்டில் வரையுங்கள். முதலில் பாறை, அடுத்து தண்ணீர் ஓடிய தடம், கடைசியில்தான் செடி. பூவைப் பார்த்து ஆரம்பித்தால் மற்றது எதுவும் கண்ணில் படாது.

பாறையின் கீழ்விளிம்பைக் கவனியுங்கள். சுற்றிலும் புல் காய்ந்திருக்க, அங்கே மட்டும் பச்சை நிற்கும். 1 சதுர மீட்டர் பாறைமேல் 10 மி.மீ. மழை பெய்தால் 10 லிட்டர் தண்ணீர். பாறை அதை உறிஞ்சாது. பெரும்பகுதி அந்த விளிம்பில்தான் இறங்கும். கல்லுக்கு அடியில் வெயில் படாததால் ஈரம் சீக்கிரம் போகாது. இளங்கன்றுகள் அதிகமாக முளைத்திருப்பது மாலை வெயில் படாத பக்கமா என்றும் பாருங்கள். ஆவாரை நாலைந்து நெருங்கி நிற்கும், அப்புறம் வெறும் சரளை. அந்த இடைவெளியையும் வரைபடத்தில் குறியுங்கள்.

வீட்டில் இருபது சிறு கற்களைவிட இரண்டு பெரிய கல் நல்லது. கல்லில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகவேண்டும். மேலே சும்மா வைத்தால் லாரியில் கொட்டியது மாதிரியே தெரியும், அடியில் மண்ணும் அரிக்கும். மேற்பரப்பு செடிக்குழியை நோக்கிச் சாய்ந்திருக்கட்டும்.

கன்றை நர்சரியில் வாங்கி, ஆடி, ஆவணியில் நடுங்கள். குழி ஒன்றரை அடி. தோண்டிய மண்ணோடு கால் பங்கு மக்கிய எரு. அதற்கு மேல் போட்டால் ஆவாரை பூக்காமல் நெடுநெடுவென்று வளரும். செடிக்குச் செடி 3 அடி. உசிலையைச் சுவரிலிருந்து 10 அடி தள்ளி வையுங்கள். 2 அங்குலச் சரளை பரப்பி, தண்டைச் சுற்றி 4 அங்குலம் விடுங்கள். ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும். முதல் கோடை முடியும் வரை மழையில்லாத வாரத்தில் இரண்டு தண்ணீர், பிறகு படிப்படியாகக் குறையுங்கள். ஆவாரை சாவது பெரும்பாலும் தினசரித் தண்ணீரால்தான்.

மாமாங்கம், கருப்பூர்ப் பக்கம் மேக்னசைட் என்ற வெள்ளைக் கனிமம் கலந்த மண்ணாக இருந்தால், நடும் முன் மண் பரிசோதனை அவசியம். காரத்தன்மை கூடினால் இலை நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்றதெல்லாம் மஞ்சளாகும். அது இரும்புச்சத்துக் குறை, தண்ணீர் ஊற்றித் தீராது.