19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மாநில அரசியல்வாதி-வழக்கறிஞரின் பணிவாழ்வைத் தேடும் முறை

முதலில் மாநிலச் சட்டமன்ற அவைக் குறிப்பேட்டைப் புரட்டுங்கள். உறுப்பினர் இருந்த குழுக்களும் பெயர்வாரி வாக்குகளும் அதில் உண்டு. தேர்தல் நாளையும் அவை கூடிய நாளையும் குழப்பிவிடக் கூடாது: இல்லினாய் மாநிலத்தில் ஆபிரகாம் லிங்கன் வென்றது 1834 ஆகஸ்டில், மாநிலத்தின் அன்றைய தலைநகர் வாண்டேலியாவில் அவை கூடியதோ டிசம்பர் 1.

வழக்கறிஞரான தேதியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். லிங்கனுக்கு உரிமம் கிடைத்தது 1836 செப்டம்பர் 9. வழக்கறிஞர் பட்டியலில் பெயர் ஏறியது 1837 மார்ச் 1. இரண்டும் சரியே. எந்தத் தேதி எதற்கானது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

கவுன்டி (மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்றக் கோப்புகளே உண்மையான புதையல். தேதி இல்லாத மனுவா? கையெழுத்தில் தொழில் கூட்டாளியின் பெயரைப் பாருங்கள்: லிங்கனின் மனுவில் அது ஸ்டூவர்ட் என்றால் 1837–1841, லோகன் என்றால் 1841–1844.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒருவரின் பெயருக்கு நேரே தொழிலைத் தேடுவதானால் 1850இலிருந்து தொடங்குங்கள். அதற்கு முன் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும்.