விண்டோஸை அழிக்காமல் லினக்ஸ்: வர்ச்சுவல்பாக்ஸில் நிறுவும் முறை

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பல வீடுகளில் லேப்டாப் ஒன்றுதான் இருக்கும். அதில்தான் அப்பாவின் கடைக்கணக்கு, அதில்தான் பிள்ளையின் கல்லூரி லினக்ஸ் பயிற்சியும். அப்படிப்பட்ட வீட்டில் டிஸ்க்கைப் பிரித்து இரண்டு இயங்குதளம் போடுவது தேவையில்லாத ஆபத்து. வர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள் விண்டோஸுக்குள்ளேயே உருவாக்கித் தரும் வர்ச்சுவல் மெஷின் போதும். உள்ளே அது முழுக் கணினி, விண்டோஸின் பார்வையில் ஒரு ஃபோல்டரும் சில கோப்புகளும்தான். கெட்டுப்போனால் அந்த ஃபோல்டரோடு போகும், கடைக்கணக்கு அப்படியே இருக்கும்.

முதலில் ரேமைப் பாருங்கள். 4 ஜிபி மட்டும் இருந்தால் இந்த முயற்சியே வேண்டாம், இரண்டு பக்கமும் திணறும். 8 ஜிபி இருந்தால் வர்ச்சுவல் மெஷினுக்கு 3 ஜிபி, அதாவது 3072 எம்பி கொடுக்கலாம். 16 இருந்தால் 4 முதல் 6 வரை தாராளமாகக் கொடுக்கலாம். ப்ராசஸர் 2 போதும். மொத்தக் கோர்களில் பாதிக்கு மேல் கொடுத்தால் வேகம் கூடாது, விண்டோஸ்தான் இழுபடும்.

அடுத்து டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்', 'சிபியு' பக்கத்தைத் திறந்தால் வர்ச்சுவல் மெஷின் ஓடத் தேவையான 'வர்ச்சுவலைசேஷன்' வசதி பற்றி ஒரு வரி இருக்கும். 'டிசேபிள்ட்' என்றிருந்தால் விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போக வேண்டும். கணினியை ஆன் செய்ததும் எஃப்2, எஃப்10 அல்லது டெலீட் விசை, தயாரிப்பைப் பொறுத்து. இன்டெலில் அந்த அமைப்பின் பெயர் 'விடி-எக்ஸ்', ஏஎம்டியில் பெரும்பாலும் 'எஸ்விஎம்'. அதை ஆன் செய்து சேமித்து வெளியே வாருங்கள்.

உள்ளே போட லினக்ஸ் மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நல்ல தேர்வு. இலகுவானது, 2029 வரை புதுப்பிப்பு உண்டு. அதை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. தினம் 2 ஜிபி தருகிற மொபைல் டேட்டாவில் இது ஒரே நாளில் இறங்காது. பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில் டோரன்ட் வழியே இறக்குங்கள், அறுந்த இடத்திலிருந்து தொடரும். நண்பரிடமிருந்து பென் டிரைவில் வாங்கினாலும் சரிதான். ஆனால் உபுண்டு 24.04 போல 4 ஜிபிக்கு மேலான கோப்பு ஃபேட்32 பென் டிரைவில் ஏறாது, எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்ய வேண்டும். எப்படி வந்தாலும், கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டும் ஷா-256 எண்ணை மின்ட் தளத்திலுள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். செவன்-ஸிப் மென்பொருள் இருந்தால் கோப்பின் மேல் வலது சொடுக்கிலேயே அந்த எண் கிடைக்கும். நிறுவல் பாதியில் நின்று காரணம் புரியாமல் தவிப்பவர்களில் பலர் இதைச் செய்யாதவர்கள்.

வர்ச்சுவல்பாக்ஸ் நிறுவும்போது விஷுவல் சி++ என்ற துணை மென்பொருளைக் கேட்டால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து அதை முதலில் போடுங்கள். 'எக்ஸ்டென்ஷன் பேக்' என்ற கூடுதல் வசதித் தொகுப்பைத் தொடவே வேண்டாம். சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும்தான் அது இலவசம், கடைக்கோ அலுவலகத்துக்கோ அல்ல.

புதிய மெஷினில் 'அனட்டெண்டட் இன்ஸ்டலேஷன்' என்ற தானியங்கி நிறுவலைத் தவிர்த்துவிடுங்கள், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் நீங்களே வைப்பதுதான் நல்லது. டிஸ்க் 30 ஜிபி, வீடியோ மெமரி 128 எம்பி. நிறுவும்போது 'டிஸ்க்கை அழித்து நிறுவு' என்று கேட்கும். பயப்பட வேண்டாம், வர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலுக்குள் அழிவது அந்த 30 ஜிபி கோப்பு மட்டும்தான். அதே ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் எழுதி நேரடியாக பூட் செய்து அதே பொத்தானை அழுத்தினால் விண்டோஸ் முழுவதும் போய்விடும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

எல்லாம் ஆமை வேகத்தில் நகர்ந்தால் ஜன்னலின் கீழ்ப்பட்டையைப் பாருங்கள். அங்கே உண்மையாகவே ஒரு பச்சை ஆமை தெரிந்தால், விண்டோஸின் சொந்த வர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி ப்ராசஸரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். விண்டோஸ் ஃபீச்சர்ஸில் 'ஹைப்பர்-வி', 'வர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம்', 'விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம்' மூன்றிலும் டிக்கை எடுத்து மறுதொடக்கம் செய்யுங்கள். இந்த வசதிகளை நம்பி ஓடும் டாக்கர் மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு அது நின்றுபோகும். பிறகும் ஆமை போகவில்லை என்றால் 'மெமரி இன்டெக்ரிட்டி' காரணமாக இருக்கலாம். அது பாதுகாப்பு வசதி, வங்கி வேலை நடக்கிற லேப்டாப்பில் அணைக்காமல் வேகக் குறைவைப் பொறுத்துக்கொள்வதே மேல்.

திரை ஜன்னலுக்கேற்ப விரியாவிட்டால் உள்ளிருக்கும் லினக்ஸில் 'கெஸ்ட் அடிஷன்ஸ்' என்ற வர்ச்சுவல்பாக்ஸின் துணைத் தொகுப்பைப் போடுங்கள். விண்டோஸோடு பகிர்ந்த ஃபோல்டர் கண்ணில் பட்டும் திறக்காவிட்டால், உங்கள் பயனரை 'விபாக்ஸ்எஸ்எஃப்' குழுவில் சேர்த்து உள்ளிருக்கும் லினக்ஸை மறுதொடக்கம் செய்ய வேண்டும். தமிழ் தட்டச்சு தனி விஷயம். விண்டோஸில் தமிழ்99 இருந்தாலும் உள்ளே வராது, ஏனென்றால் எந்த விசை அழுந்தியது என்ற தகவல்தான் உள்ளே போகிறது, எழுத்து போவதில்லை. மின்டில் தமிழ் உள்ளீட்டை நிறுவி, ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளில் தமிழ்99-ஐத் தனியாகத் தேர்வு செய்யுங்கள்.

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கரண்ட் போவதும் இரண்டு முறை. டெஸ்க்டாப்பில் வேலை நடக்கும்போது சட்டென்று அணைந்தால் உள்ளிருக்கும் டிஸ்க் கோப்பு சிதையலாம். யுபிஎஸ் சத்தமிட்டதும் ஜன்னலை மூடும் பொத்தானை அழுத்தி 'சேவ் தி மெஷின் ஸ்டேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 3 ஜிபி ரேமை நொடிக்கு 100 எம்பி எழுதும் ஹார்ட் டிஸ்க்கில் சேமிக்க அரை நிமிடமாவது பிடிக்கும். ஆகவே பேட்டரி இறங்கிய யுபிஎஸ்ஸை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

மெஷினின் ஒரு கட்ட நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஸ்னாப்ஷாட் முழு நகல் அல்ல, பழைய டிஸ்க் கோப்பிலிருந்து மாறியதை மட்டும் வைத்திருப்பது. மூலக் கோப்பு கெட்டால் ஸ்னாப்ஷாட்டும் உதவாது. மாதம் ஒருமுறை மெஷினை முழுதாக ஷட்டவுன் செய்து, 'எக்ஸ்போர்ட் அப்ளையன்ஸ்' வழியாக ஒரே கோப்பாக்கி வெளி டிரைவில் போட்டு வையுங்கள்.