மலைக்கு அடுப்பு வாங்கப் போகிறீர்களா?

சிங்கப்பூர் வெக்கையில் எந்த கேஸ் அடுப்பும் சீறிக்கொண்டுதான் எரியும். நம் ஊரின் உயர்ந்த குன்றான புக்கித் தீமாவே 164 மீட்டர்தான், அங்கே பற்றவைத்துப் பார்த்துவிட்டு லடாக்குக்கோ நேப்பாளத்துக்கோ கிளம்பினால் ஏமாற்றம்தான். கடையில் முதலில் எடையைக் கேட்காதீர்கள், எந்த கேஸில் ஓடும் என்று கேளுங்கள்.

ஸ்டீம்போட்டுக்கு வாங்குகிறோமே, அந்த நீள டின்னில் இருப்பது பெரும்பாலும் சாதாரண பியூட்டேன். கடல்மட்டத்தில் அது ஆவியாவதற்கு -0.5 டிகிரியாவது வேண்டும், ஐசோபியூட்டேனுக்கு -12 போதும், புரொப்பேனுக்கோ -42. உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் கேஸ் இன்னும் கொஞ்சம் சுலபமாகவே ஆவியாகும், ஆகவே எதிரி உயரம் இல்லை, குளிர். எரிய எரிய டின்னும் குளிர்ந்துகொண்டே போகும். முதலில் வெளியே வியர்க்கும், அப்புறம் வெள்ளையாக உறைபனி பிடிக்கும், தீ சுருங்கிவிடும். அதிலும் கலவையில் உள்ள புரொப்பேன் முந்திக்கொண்டு தீர்ந்துவிடும், மிச்சம் கிடக்கும் பியூட்டேன் குளிரில் அசையாது, டின்னைக் குலுக்கினால் சத்தம் கேட்கும் ஆனால் தீ வராது. அதனால் ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்த, மரை உள்ள டின்னாகப் பார்த்து வாங்குங்கள், இரவில் அதைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டு படுங்கள்.

டின் மேலேயே திருகும் அடுப்பு 25 கிராமில்கூடக் கிடைக்கிறது. இருவருக்குச் சமைக்கும் அகலப் பாத்திரத்தை அதன் குட்டிக் கால்களில் வைத்தால் ஆடும், எனக்குப் பிடிப்பதில்லை. பிரஷர் ரெகுலேட்டர், அதாவது டின்னில் அழுத்தம் குறைந்தாலும் தீயைச் சீராக வைக்கும் பாகம், உள்ளதற்கு இன்னும் கொஞ்சம் எடை தாங்கலாம். பனி உருக்கித்தான் தண்ணீர் என்றால், குழாய் வழியாக டின்னைத் தள்ளி வைத்து, தலைகீழாகக் கவிழ்த்து எரிக்கும் வகைதான் சரி. கேஸ் திரவமாகவே வந்து பர்னர் பக்கத்தில் சூடாகி ஆவியாவதால் குளிர் அதைப் பெரிதாகத் தொடாது. காற்றுத் தடுப்பை அடுப்போடு டின்னையும் சேர்த்துச் சுற்றாதீர்கள், டின் சூடேறி வெடிக்கலாம். தள்ளி வைத்த டின்னில் இந்தத் தொல்லை இல்லை.

கேஸ் டின் கிடைக்காத ஊர்களுக்கு மண்ணெண்ணெயும் எரிக்கும் அடுப்பு. கரி பிடிக்கும், துளை அடைக்கும், ஆனால் எரியும்.

5,000 மீட்டரில் தண்ணீர் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசி வேக வெகு நேரமாகும், கேஸ்தான் தீரும். அவலோ நூடுல்ஸோ எடுத்துப் போங்கள். கூடாரத்துக்குள் சமைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கேஸ் டின் கைப்பையிலும் சரி, செக்-இன் பெட்டியிலும் சரி, விமானம் ஏறாது. போய் இறங்கும் ஊரில் வாங்குங்கள், காத்மாண்டு என்றால் தமேல் கடைகளில் கிடைக்கும். எண்ணெய் அடுப்பைக் கழுவி வாடை போகக் காயவையுங்கள், வாடை அடித்தால் சாங்கியிலேயே நிறுத்திவிடுவார்கள். டிக்கெட் எடுக்குமுன் விமான நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.