எம்.காம் முடித்தவர்கள் தர்மபுரியில் இருந்தபடியே ஜிஎஸ்டி பிராக்டிஷனர் ஆவது எப்படி?

எம்.காம் முடித்தால் எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வது பி.எட் படி, இல்லாவிட்டால் பேங்க் எக்ஸாம் எழுது என்பதுதான். ஆனால் கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலை, கிரானைட் பாலிஷ் பட்டறை, ஓசூரில் உதிரிபாகம் செய்யும் சின்ன யூனிட் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி ரிட்டர்ன், அதாவது வரிக் கணக்கு அறிக்கை, போட ஆள் வேண்டும். அவர்களுக்காக அதைப் போட்டுக்கொடுப்பவர்தான் ஜிஎஸ்டி பிராக்டிஷனர். அதற்கு உங்கள் வணிகவியல் பட்டமே தகுதி. பதிவுக்குக் கட்டணமும் கிடையாது.

படி 1: ஜிஎஸ்டி போர்ட்டலில் சர்வீசஸ், ரிஜிஸ்ட்ரேஷன், நியூ ரிஜிஸ்ட்ரேஷன் போய் 'ஜிஎஸ்டி பிராக்டிஷனர்' என்று தேர்ந்தெடுங்கள். போனில் வேண்டாம், கம்ப்யூட்டரில் செய்யுங்கள்.

படி 2: பெயர். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். நம் பட்டச் சான்றிதழில் இனிஷியலோடு பெயர் இருக்கும், பான் கார்டிலோ இனிஷியலை ஏற்காததால் அப்பா பெயர் முழுதாக விரிந்து கடைசிப் பெயராக நிற்கும், ஆதாரில் இன்னொரு மாதிரி. போர்ட்டல் பெயரை ஒப்பிட்டுப் பார்ப்பது பான் கார்டோடுதான், அதனால் பானில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே அடியுங்கள். சான்றிதழில் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று அதிகாரி கேட்டால் அப்பா பெயர் உள்ள மாற்றுச் சான்றிதழை (டி.சி.) விளக்கக் கடிதத்தோடு கொடுக்கலாம். ஆதாரில் எந்த மொபைல் எண் இருக்கிறது என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள், கடைசியில் ஆன்லைனில் கையொப்பமிடும் இ-சைனுக்கான ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும்.

படி 3: ஓடிபி போட்டதும் வரும் டிஆர்என் என்ற தற்காலிகப் பதிவு எண் 15 நாள்தான் செல்லும். அதற்குள் உள்ளே போய் பல்கலைக்கழகம், தேறிய வருடம், அலுவலக முகவரி நிரப்பி, பட்டச் சான்றிதழையும் போட்டோவையும் ஏற்றி கையொப்பமிடுங்கள். ஸ்கேன் செய்ய எனக்கு அடோபி ஸ்கேன் போதும். ஏற்றுக்கொண்டால் பிசிடி-02 என்ற பதிவுச் சான்றிதழ் வரும்.

அப்புறம், வாடிக்கையாளரின் பாஸ்வேர்டை வாங்கி வேலை பார்க்கும் பழக்கம் இங்கே நிறைய. தயவுசெய்து அது வேண்டாம். அவர் தன் லாகினிலிருந்து உங்களை நியமிக்கட்டும், நீங்கள் உங்கள் லாகினில் ஏற்றுக்கொள்ளுங்கள். நாளைக்கு நோட்டீஸ் வந்தால் யார் எதைச் செய்தார் என்பது தெளிவாக இருக்கும். கணக்குக்கு டேலி மென்பொருள், சரிபார்க்க எக்செல், இந்த இரண்டும் கையோடு இருந்தால் ஆரம்பத்துக்கு வேறெதுவும் வாங்கத் தேவையில்லை.

சரி, இதோடு நின்றுவிடலாமா? கம்பெனி ஆடிட், வருமான வரி ஆடிட் இரண்டிலும் கையெழுத்துப் போட சிஏ (பட்டயக் கணக்காளர்) வேண்டும். வணிகவியல் பட்டத்தில் 55 சதவீதம் இருந்தால் சிஏ-வின் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டில் சேரலாம். 2023-ல் வந்த புதிய திட்டப்படி இன்டர்மீடியட்டின் இரண்டு குரூப்பும் தேறிய பிறகுதான் ஆர்டிகிள்ஷிப், அதாவது ஒரு சிஏ-விடம் செய்முறைப் பயிற்சி, 2 வருடம். ஓசூரில் இடம் கிடைத்தால் பெங்களூருக்கு ஓடாதீர்கள் என்பேன், தொழிற்சாலைக் கணக்கை ஸ்டாக்கிலிருந்து இன்புட் கிரெடிட் (வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) வரை முழுசாகப் பார்க்கலாம்.

பின்சேர்க்கை: ஆர்டிகிள்ஷிப் செய்துகொண்டே பிராக்டிஷனர் வேலையும் பார்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். சிஏ படிப்பை நடத்தும் ஐசிஏஐ-யின் அனுமதி இல்லாமல் அந்தக் காலத்தில் வேறு தொழில் செய்யக்கூடாது. அதனால் சேருவதற்கு முன்பே உங்கள் வாடிக்கையாளர்களை நம்பிக்கையான இன்னொரு பிராக்டிஷனரிடம் ஒப்படைத்து, போர்ட்டலிலும் மாற்றச் சொல்லிவிடுங்கள்.